புள்ளி வைத்த காசு

போன் அடித்தது.

அவள் எடுக்கவில்லை. பல் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

மறுபடியும் அடித்தது. வாயில் நுரையோடு எடுத்தாள்.

"இன்ஸ்பெக்டர் பேசறேன். பழைய காசுக் கடை வெச்சிருக்காரே... பூதக்கண்ணாடின்னு சொல்வாங்களே. தெரியுமா?"

"தெரியும் சார்."

"அவர் போன்ல கடைசியா இருக்கறது உங்க நம்பர். கொஞ்சம் கடைக்கு வரணும்."

"எதுக்கு சார்? அவர்கிட்ட குடுங்க, நானே பேசறேன்."

"அவர் பேசற நிலைமையில இல்லம்மா."

நுரை தொண்டைக்குள் இறங்கியது.

அண்ணன்தான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டான். கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு மெல்லச் சொன்னான்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு பாப்பா. வாயைக் குடுத்து மாட்டிக்காத. நான் இங்கேயே நிக்கறேன்."

அவனும் ஆன்லைனில் காசு விற்பவன்தான். 'லேபிள் நல்லா இருந்தா உள்ள சட்டைப் பொத்தான் இருந்தாக்கூட விக்கும்' என்பது அவனுடைய கொள்கை. காசைத் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டான்.

உள்ளே கவுண்ட்டருக்குப் பின்னால் வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். துணிக்கு வெளியே ஒரு கை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கழுத்து வளைந்த இரும்பு மேஜை விளக்கு.

பூதக்கண்ணாடி வலது கண்ணில் சதா லென்ஸோடு திரிந்தவர். மனிதர்களைக்கூட அதை மாட்டிக்கொண்டுதான் எடை போடுவார் என்று கிண்டல் உண்டு. கடைசியாக வந்த ஆளை மட்டும் சரியாகப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

இன்ஸ்பெக்டர் இருமல் மிட்டாய் ஒன்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு என்ன வேலைம்மா?"

"காசுக்குத் தரம் போடற கம்பெனியில லேபிள் செக்‌ஷன் சார். எங்க நிபுணருங்க காசைப் பாத்து என்ன வகைன்னு முடிவு பண்ணுவாங்க. நான் லேபிள் அடிச்சு, காசோட சேத்து ப்ளாஸ்டிக் கூட்டுக்குள்ள வெச்சு சீல் பண்ணுவேன். அப்புறம் உடைச்சாத்தான் வெளிய வரும். ஆன்லைன்ல வாங்கறவங்க அந்த லேபிளை நம்பித்தான் வாங்குவாங்க."

அவர் ஒரு கண்ணாடிக் கவரைத் தூக்கிக் காட்டினார். உள்ளே உள்ளங்கை அளவுக்கு ஒரு ப்ளாஸ்டிக் கூடு. லேபிளில் 'சாதா வகை' என்று இருந்தது.

"செத்தவர் கைக்குள்ள இருந்துச்சு. விரலைப் பிரிக்கறதுக்குள்ள எங்களுக்கு உயிர் போச்சு. விசாரிச்சா, இந்தச் சாதா வகை ஒரு சினிமா டிக்கெட்டுக்குக்கூடத் தேறாதாம். இதுக்காக எவனும் கொலை பண்ண மாட்டான். அப்ப இது திருட்டு இல்ல. சண்டை. நேத்து இவரோட சண்டை போட்டது யாரு?"

கேள்வி பொதுவாக வந்தது. பார்வை அவள்மேல் நின்றது.

அவள் குனிந்து காசையே பார்த்தாள். ராஜாவின் தலை. கீழே வருஷம். வருஷத்துக்குக் கீழே...

ஒரு புள்ளி!

கடுகில் பாதி இருக்கும். அந்தப் புள்ளியோடு அடித்தது கொஞ்சம் காசுதான். அதற்குள் அச்சு உடைந்துபோனது. அந்தக் கொஞ்சத்தில் ஒன்று கிடைக்காதா என்று சேகரிப்பவர்கள் வருஷக்கணக்காக நாயாய் அலைகிறார்கள்.

அண்ணன் சொன்ன புத்திமதி மறந்துபோனது.

"சார், இது சாதா இல்ல. ரொம்ப அபூர்வமான காசு. லேபிள் மாறியிருக்கு."

"மாத்தினது யாரு?"

"நான்தான்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. இன்ஸ்பெக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சொல்லுங்க. எனக்கு அவசரமில்ல."

"வேணும்னு செய்யல சார். ப்ரின்ட்டர்ல பேப்பர் சிக்கிச்சு. கிழிச்சுட்டு மறுபடி அடிக்கும்போது, தட்டுல பக்கத்துப் பக்கத்துக் குழியில இருந்த ரெண்டு காசுக்கு லேபிள் இடம் மாறிடுச்சு. எங்க வேலையில ஒரு லேபிள் தனியா தப்பாகாது. பக்கத்துல இருக்கறதையும் இழுத்துட்டுத்தான் போகும்."

"அந்த இன்னொண்ணு எங்க?"

"அதுல 'புள்ளி வகை'ன்னு லேபிள். உள்ள சாதா காசு. சீல் பண்ணி வந்ததாச்சேன்னு இவரும் லென்ஸ் வெச்சுப் பாக்காம அதை ஆன்லைன்ல வித்திருக்காரு. வாங்கினவர் பாத்துட்டு பார்சலைத் திருப்பிட்டாரு. அப்பதான் இவர் ஸ்டாக்குல தேடி இந்த ஜோடியைக் கண்டுபிடிச்சாரு. ரெண்டையும் கம்பெனிக்கு அனுப்பப் போறேன்னு எனக்கு போன் பண்ணாரு."

"அனுப்பினா என்ன ஆகும்?"

"என் வேலை போயிடும். ஏற்கெனவே ஒரு தடவை எச்சரிச்சுட்டாங்க."

"அதனால கெஞ்சிப் பாக்க வந்தீங்க. கேட்டாரா?"

"கேக்கல. தப்பைத் திருத்தணும்மா, மூடக்கூடாதுன்னாரு."

இன்ஸ்பெக்டர் மிட்டாயை மறு கன்னத்துக்குத் தள்ளினார்.

"நீங்க வர்ற வரைக்கும் என்கிட்ட வெறும் போன் நம்பர்தான் இருந்துச்சு. இப்ப காரணத்தையும் குடுத்துட்டீங்க, வந்துபோனதையும் ஒத்துக்கிட்டீங்க. எங்க வேலை பாதி முடிஞ்சுபோச்சு."

வாயைத் திறந்தால் கயிறு இறுகியது. திறக்காவிட்டாலும் இறுகும் என்று தெரிந்தது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"நான் போகும்போது நல்லாத்தான் சார் இருந்தாரு. ரெண்டு கூடும் மேஜை மேலதான் இருந்துச்சு. ஒண்ணைக் காணோமே! எடுத்துட்டுப் போனவன்தான் கொன்னிருக்கான்."

"சரி. அந்த ரெண்டு கூட்டு விஷயம் யார் யாருக்குத் தெரியும்?"

"அவருக்கும் எனக்கும்..."

நாக்கு அங்கேயே நின்றது.

நேற்று வீட்டுக்குப் போய் அண்ணன் தோளில் சாய்ந்து அழுதாள். ஒன்று விடாமல் சொன்னாள். 'அழாத பாப்பா, நான் பாத்துக்கறேன்' என்று தலையைத் தடவிவிட்டு வெளியே போனான். திரும்பி வந்தவன் சாப்பிடாமல் படுத்துவிட்டான். தனக்காகத்தான் கவலைப்படுகிறான் என்று நினைத்து அவளும் சாப்பிடவில்லை.

அம்மா, அப்பா இரண்டு பேரும் போன பிறகு அவளுக்குத் தலை பின்னக் கற்றுக்கொண்டவன் அவன். கோணல்மாணலாகப் பின்னி விடுவான். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். அவள் ஒருநாளும் அவிழ்த்ததில்லை.

"யாருக்கும்மா தெரியும்?"

"அவருக்கும் எனக்கும் மட்டும்தான் சார்."

"அவர் போயிட்டாரு. மிச்சம் நீங்கதான்."

அவள் தலையை ஆட்டினாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் எழுந்தார்.

"வண்டியில ஏறணும். வாசல்ல நிக்கறது உங்க அண்ணன்தானே? உள்ள அனுப்பறேன். சொல்லிட்டு வாங்க."

கடையின் பின்பக்கத்தைப் பலகை வைத்துத் தடுத்து, பார்சல் கட்டுகிற இடமாக வைத்திருந்தார் பூதக்கண்ணாடி. அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே அவள் நின்றாள். அண்ணன் வந்தான். முகம் வெளிறியிருந்தது. ஆறுதல் சொல்வான் என்று எதிர்பார்த்தாள்.

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தான்.

"ஏண்டி என்கிட்ட பொய் சொன்னே?"

"என்ன பொய்?"

"காலையில கூட்டை உடைச்சுப் பாத்தேன். புள்ளியே இல்ல. வெறும் சாதா காசு."

கடைசியாக ஒட்டிக்கொண்டிருந்த நம்பிக்கையும் போனது.

"நீ எதை எடுத்தே அண்ணா?"

"புள்ளி வகைன்னு எழுதியிருந்ததை."

"லேபிள் மாறிப்போச்சுன்னுதானே அவ்வளவு நேரம் அழுதேன்..."

அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

"அவசரத்துல... எழுதியிருந்ததைத்தான் பாத்தேன்."

"அவரை ஏன் அடிச்சே?"

"சட்டையைப் பிடிச்சுக்கிட்டாரு. விடச் சொன்னேன் பாப்பா. விடல. விளக்குதான் கைக்கு அகப்பட்டுச்சு."

ஒரு கையில் அவன் சட்டை. இன்னொரு கையில் அந்தக் கூடு. பூதக்கண்ணாடி சாகும்போது லேபிளைப் பார்க்கவில்லை. காசைத்தான் பார்த்தார்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் மிட்டாய் கடிபடும் சத்தம் கேட்டது.

"தம்பி... இந்தப் பலகை உங்க தோள் உயரம்தான். நான் ஆறடி."

இன்ஸ்பெக்டரின் தலை மேலே தெரிந்தது. அண்ணன் ஓடவில்லை. ஓட இடமும் இல்லை.

"சார், அவன் எனக்காகத்தான்..." என்று ஆரம்பித்தாள். எனக்காகத்தானா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. முடிக்க முடியவில்லை. கைவிலங்கு பூட்டும்போது அண்ணன் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"வீட்டுச் சாவி ஸ்கூட்டர்லயே இருக்கு. எடுத்துக்க."

அவள் அட்டைப்பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாள். வேலை போகக்கூடாது என்று கெஞ்ச வந்தவள். இனி வேலை இருந்தும் யாருக்குச் சமைப்பது?

கான்ஸ்டபிள் ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து உடைந்த ப்ளாஸ்டிக் கூட்டையும் காசையும் கொண்டுவந்தார். தனித்தனிக் கவரில் போட்டார். எதன்மேல் என்ன எழுதுவது என்று அவருக்குப் பிடிபடவில்லை. பேனாவை அவளிடம் நீட்டினார்.

"உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும். கொஞ்சம் மேல எழுதிக் குடுங்கம்மா."

இன்ஸ்பெக்டர் பாய்ந்து வந்து பேனாவைப் பிடுங்கினார்.

"லேபிளை நானே எழுதிக்கறேன்யா. இன்னொரு கொலையை விசாரிக்க என்கிட்ட ஆள் இல்ல."