முன்னால் இருந்த நீளத் துண்டு

ஏரிக்கரையில் எப்படிக் கேட்டதோ, பாலத்திலும் அப்படியேதான் கேட்டது. இவ்வளவு தூரம் நடந்தும் இடுப்பு ரேடியோவின் சத்தம் இம்மியும் கூடவில்லை, குறையவும் இல்லை. தச்சனுக்கு அது லேசாக உறுத்தியது.

சத்தம் என்றால் பேச்சில்லை. வெறும் மூச்சு. பேசுவதற்கு முன் பொத்தானை அழுத்தி ஒருமுறை மூச்சிழுப்பது அவன் தம்பியின் பழக்கம். ஏரியில் படகு கவிழ்ந்த அன்று, அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளும் ஜோடிக் கைரேடியோக்களில் ஒன்று தம்பியின் இடுப்பில் இருந்தது. படகு கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை.

"போனவரு போயிட்டாருங்க. நீங்களாவது ஒரு வாய் சாப்பிடுங்க" என்று மனைவி கெஞ்சிக்கொண்டிருந்தபோதுதான் வீட்டிலிருந்த மற்ற ரேடியோவில் அந்த மூச்சு வந்தது. தச்சன் சாப்பாட்டைத் தொடாமலே எழுந்தான். இரும்பு அளவுநாடாவை மூன்று துண்டாக வெட்டி, பிளாஸ்டிக் குழாயில் குறுக்கே மாட்டி, ரேடியோவோடு இணைத்து, ரேடியோவை இடுப்பில் செருகிக்கொண்டான். திசை காட்டும் ஆன்டெனா. முன்பக்கம் எங்கே நீள்கிறதோ, அங்கிருந்து வருவதுதான் உரக்கக் கேட்கும்.

முன்பெல்லாம் வெட்டுவது மட்டுமே அண்ணன் வேலை. மாட்டுவது தம்பி. "குட்டைத் துண்டு முன்னால, நீளத் துண்டு பின்னால. உங்கிட்ட விட்டா தலையை வால்ல மாட்டிருவே அண்ணே" என்று சிரிப்பான்.

கரையில் நின்று ஆன்டெனாவை ஏரிப்பக்கம் நீட்டியபோது மூச்சு மங்கியது. ஏரிக்கு முதுகைக் காட்டி, வீடுகள் இருக்கும் பக்கம் நீட்டியதும் தெளிவாகக் கேட்டது. தண்ணீரில் இல்லை! எங்கோ கரையேறிவிட்டான்! தச்சனுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அழுகையும் சிரிப்புமாக நடக்கத் தொடங்கினான்.

பாலம் தாண்டி, பூட்டிய கடைகளின் தகரக் கதவுகள் காற்றில் முனகிய தெருவிலும், விளக்கில்லாத மரக்கடைச் சந்திலும், மரத்தூள் வாசனைதான் வரவேண்டிய இடத்தில் பாசியும் சேறும் நாறிக்கொண்டே கூட வந்தன. தன் செருப்பில் அப்பியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். செருப்பு காய்ந்திருந்தது.

எங்கோ நீர் சொட்டியது. அவன் நின்றான். சொட்டும் நின்றது.

"எங்கடா இருக்கே, தம்பி?"

மூச்சு. அதே அளவு. அதே தூரம்.

ஆன்டெனா அவனை இழுத்துவந்து நிறுத்தியது அவன் வீட்டு வாசலில்தான். மனைவி கதவைத் திறந்தாள். விளக்கு வெளிச்சம் அவன் கையில் விழுந்தது. குழாயின் முன்நுனியில் இருந்தது நீளத் துண்டு.

தலைகீழாக மாட்டியிருந்தான். கரையில் முதுகுப் பக்கத்தைத்தான் கேட்டிருக்கிறான். ஏரியை. தண்ணீரிலிருந்து கூப்பிட்டவனை விட்டுவிட்டு நடந்து வந்திருக்கிறான். ஆனால் விலகி வந்தால் சத்தம் குறைந்திருக்க வேண்டுமே.

மனைவி அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் திறந்திருந்தது.

ரேடியோவை அணைத்தான்.

மூச்சு நிற்கவில்லை.

ஊறி வெளுத்த ஈரக் கை ஒன்று பின்னாலிருந்து வந்து, அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஆன்டெனாவை வாங்கி, மெதுவாகச் சரியான பக்கம் திருப்பிக் கொடுத்தது.