மூச்சைப் பிடி

அந்த ஆய்வுக்கூடத்துக்கு ஜன்னல் கிடையாது. ஒரு படுக்கை, ஒரு திரை, மின்விசிறியின் முனகல், ஜெல்லின் ஈர வாடை. அடிக்கும் இதயத்தை அந்தக் கணமே முப்பரிமாணத்தில் காட்டும் அல்ட்ராசவுண்டு கருவியை அங்கே உருவாக்கிக்கொண்டிருந்தோம். மூச்சு விட்டால் படம் நகர்ந்துவிடும். அதனால் படுத்திருப்பவரிடம் "மூச்சைப் பிடி" என்போம். படம் கிடைத்ததும் "விடு" என்போம். மருத்துவர்களுக்கு அதை இயக்கிக் காட்டும் செயல்விளக்கம் நெருங்கிக்கொண்டிருந்தது.

சோதனைக்குப் படுக்க என் தங்கை கணவனையே கூட்டிப்போனேன்.

"உன் தங்கச்சி உள்ள இருக்காளான்னு பார்த்துச் சொல்லு, மச்சான்."

"எங்க மாப்ள, கொழுப்புதான் தெரியுது."

அவன் இதயத்துக்குள் சாம்பல் நிறத்தில் ஏதோ ஆடியது. தலைமைப் பொறியாளரைக் கூப்பிட்டேன். அவர் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கருவியோட இரைச்சல்தான்பா, நிஜமா அங்க எதுவும் இல்ல. வடிகட்டிடு."

வடிகட்டினேன். படம் சுத்தமானது. அந்தச் சந்தோஷத்தில் "விடு" என்று சொல்ல மறந்தேபோனேன். முகம் சிவக்க அவனே கேட்டான்.

"மச்சான், விடவா?"

ஒன்பதாம் நாள் படிக்கட்டில் விழுந்து செத்தான். இதயத்தில் இருந்த ரத்தக்கட்டி மூளைக்குப் போய்விட்டதாம். சாவு வீட்டில் என் தோளைக் கட்டிக்கொண்டு அழுதவர் பொறியாளர்.

பிறகுதான் வடிகட்டாத மூலப் படத்தைத் திறந்தேன். ஓரத்தில், அன்றைய தேதியில், அவர் எழுதிய குறிப்பு: 'ரத்தக்கட்டி. செயல்விளக்கம் முடியும்வரை வெளியே தெரிய வேண்டாம்.'

செயல்விளக்கத்துக்கு அவரே படுத்தார். எதிரே மருத்துவர்கள். நான் வடிகட்டியை நீக்கியிருந்தேன். கருவியை அவர் மார்பில் வைத்தேன். அவர் பெருமையாகப் பேசிக்கொண்டே போனார். மார்பு ஏறி இறங்கியது.

திரையில் இதயம் அடித்தது, ஆனால் மூச்சோடு இடம் நகரவில்லை.

யாரோ மூச்சைப் பிடித்திருந்தார்கள்.

நடுவில் சாம்பல் கட்டி ஆடியது. பொறியாளரின் பேச்சு நின்றது. அவருக்குத் தெரிந்த கட்டி அது.

"வடிகட்டு," என்று கிசுகிசுத்தார். "வடிகட்டுப்பா."

கருவியை அவர் மார்பிலிருந்து எடுத்தேன்.

இதயம் அடித்துக்கொண்டே இருந்தது.

"யாரோட இதயம் அது?" என்றார் முன்வரிசை மருத்துவர்.

"என் தங்கச்சி புருஷனோடது," என்றேன். குறிப்பை எல்லோருக்கும் கேட்கும்படி படித்தேன்.

அன்றே வேலையை விட்டேன். கிளம்புமுன், ஆளில்லாத அறையில், கருவியை என் மார்பில் வைத்தேன். வடிகட்டிய கை என்னுடையதுதானே.

மூச்சை நன்றாக இழுத்து விட்டேன்.

திரையில் அடித்த இதயம் இடம் நகரவில்லை. நடுவில் கட்டி.

காதருகே ஜெல் வாடை.

"மச்சான், விடவா?"

தினமும் கேட்கிறான். நான் வாயைத் திறப்பதில்லை. 'விடு' என்றால் அவன் எதை விடுவான் என்று தெரியவில்லை.