காணாமல் போன ஒன்பது அங்குலம்

செவ்வாய்க் கிரகத்தில் மழையை ரேஷன் அரிசி போல வரிசையில் நின்றுதான் வாங்க வேண்டும். ஊர்களை மூடியிருக்கும் கண்ணாடிக் குவிமாடத்துக்குள் எங்கே எவ்வளவு பெய்வது என்று முடிவு செய்வது ‘கார்மேகி’ என்ற மழைப்பொறி. கோடைக்கு முன் ஊருக்கு ஓர் அங்குல மழை. தொட்டியில் இருக்கும் பழைய தண்ணீரோடு அது சேர்ந்தால்தான் கோடையைத் தாண்ட முடியும்.

புதுப்பாளையங்கோட்டைத் தலைவர் இசக்கிமுத்துவுக்கு இதில்தான் வயிற்றெரிச்சல். பக்கத்துப் புதுக்கோவில்பட்டிக்கும் ஓர் அங்குலம், நமக்கும் ஓர் அங்குலம் என்றால் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு ஓட்டுக் கேட்பது?

“அவனுக்கு ஒண்ணுன்னா எனக்குப் பத்து வேணும் வே,” என்று கார்மேகியின் முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

பாவம், அந்தப் பொறிக்குப் பொய் சொல்லத் தெரியாது. பனியாகக் கொட்டினால் பத்து அங்குல உயரம் வரும். ஆனால் அதில் பெரும்பங்கு காற்று. உருகினால் அதே ஓர் அங்குலத் தண்ணீர்தான் என்று நிதானமாக விளக்கியது. ‘பத்து’ என்றதுமே இசக்கிமுத்துவின் காது அடைத்துக்கொண்டது.

பனி பெய்தது. மேளம் என்ன, வெடி என்ன, ‘பத்தங்குல நாயகரே’ என்று தெருவுக்குத் தெரு ஒளிப்பலகை என்ன! பத்து மடங்கு தண்ணீர் வந்தால் தொட்டியில் இடம் வேண்டாமா? பழைய தண்ணீரைத் திறந்துவிட்டு வாசல், வண்டி, வீட்டு ரோபோ எல்லாவற்றையும் குளிப்பாட்ட ஆரம்பித்தார்கள்.

தலைவரின் மனைவி உலகம்மாள் மட்டும் ஒரு சட்டிப் பனியை அடுப்பில் வைத்துப் பார்த்தாள். பார்த்தவள் சட்டியோடு புருஷனிடம் ஓடினாள்.

“சட்டி நிறைய வச்சேன். அடியில ஒரு டம்ளர்தான் கெடக்கு. தொட்டியை மூடச் சொல்லுங்க.”

அடுப்பில் கோளாறு என்று சொல்லிவிட்டு அவர் மாலை வாங்கிக்கொள்ளப் போய்விட்டார்.

பனி உருகியது. தொட்டியில் வழக்கமான ஓர் அங்குல மழைக்கு உண்டான தண்ணீர்தான் நின்றது. பழைய இருப்பு சாக்கடையோடு போயிருந்தது. கோடை பாதியைத் தாண்டுமுன் தொட்டியில் நின்றதும் வற்றிவிட்டது. ஊரே காலிக் குடத்தோடு தலைவர் வீட்டு வாசலில் கூடியது. உள்ளே அவர் வீட்டுக் குடமும் காலி. இன்றோடு பதவி போச்சு, உதை வேறு விழும் என்று பயந்துபோன இசக்கிமுத்து, பிழைப்பிலேயே முதல் தடவையாக உண்மையைச் சொன்னார்.

“மன்னிச்சிருங்கய்யா. பத்து அங்குலப் பனின்னா ஒரு அங்குலத் தண்ணிதான். மிச்சமெல்லாம் வெறும் காத்து. மெஷின் அன்னைக்கே சொல்லுச்சு, எனக்குத்தான் புத்தி இல்ல.”

கூட்டத்திலிருந்து டீக்கடைச் சுடலை ஓரடி முன்னால் வந்தான்.

“அது கெடக்கட்டும் அண்ணாச்சி. மிச்ச ஒன்பது அங்குலத்தை எவன் களவாண்டான்?”

எல்லாத் தலையும் புதுக்கோவில்பட்டிப் பக்கம் திரும்பியது. இசக்கிமுத்து மறுபடி விளக்க வாயெடுத்தார். அதற்குள் அவரைத் தோளில் தூக்கிவிட்டார்கள். எடுத்த வாயை மூடிக்கொண்டு கும்பிடு போட்டார். ஒன்பது அங்குலத்தை மீட்க அங்கேயே அமைத்த போராட்டக் குழுவுக்குத் தலைவர் வேறு யார், அவரேதான்.

சாலையை மறித்தார்கள், கொடும்பாவி கொளுத்தினார்கள். குடத்தில் மட்டும் சொட்டு ஏறவில்லை. கார்மேகியிடம் கேட்டிருந்தால் சொல்லியிருக்கும், யாரும் கேட்கவில்லை.

முதலில் புதுக்கோவில்பட்டிக்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. விசாரித்துத் தெரிந்துகொண்டதும் அவசரமாக ஊர்க்கூட்டம் போட்டு, ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றினார்கள்: உயிரே போனாலும் சரி, அந்த ஒன்பது அங்குலத்தில் ஒரு சொட்டுகூட விட்டுத்தர மாட்டோம்.