பாதி வழித்த முகம்

அப்பன் செத்துப் பதினாறு நாளாகியும் அவனுடைய சோப்பு தேய்ந்துகொண்டே இருந்தது.

பல் விளக்கப் பின்வாசலுக்குப் போன கோகிலவாணி அதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். துணி துவைக்கிற கல்லுக்கு மேலே, சுவர் மாடத்தில், பச்சை பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள் அந்த வட்டச் சோப்பு. பக்கத்தில் மரப்பிடி போட்ட சவர பிரஷ், பிளேடு மாட்டும் ரேஸர். மேலே ஆணியில் தகர முதுகு வைத்த கண்ணாடி. சாவு அன்றைக்குச் சோப்பின் மேல் கம்பெனிக்காரன் பதித்த எழுத்தில் பாதியாவது மிச்சமிருந்தது. இப்போது எழுத்தே இல்லை. நடுவில் வழவழவென்று குழி விழுந்து, குழிக்குள் நுரை இருந்தது, இன்னும் அடங்காத நுரை, பனிமூட்டத்து வெளிச்சத்தில் ஊசிமுனைக் குமிழிகள் ஒவ்வொன்றாக உடைந்துகொண்டிருக்க, அதிலிருந்து அந்த வாசனை எழுந்தது, சந்தனத்தில் சுண்ணாம்பைக் குழைத்த மாதிரி, அவன் கிட்டத்தில் வந்துவிட்டான் என்று சின்ன வயதிலேயே அவள் முதுகுத்தண்டு கற்றுக்கொண்ட வாசனை.

அம்மாதான் என்று முடிவு கட்டினாள். வேறு யார்? வீட்டில் இருப்பதே இரண்டு பேர்.

அந்தப் பட்டியில் காலேஜ் முடித்த முதல் ஆள் அவள். தாவரவியல். திங்கட்கிழமை ராசிபுரத்தில் ஒரு விதைக் கம்பெனி ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர வேண்டும். இரண்டு பேர் படுக்கிற மாதிரி ரூமும் பார்த்தாகிவிட்டது. ஞாயிறு காலை ஆறு மணி பஸ்ஸில் அம்மாவை இந்த மலையைவிட்டு இறக்கியாக வேண்டும். அவள் படித்ததே அதற்காகத்தான், டிகிரிக்காக இல்லை. ஆனால் பஸ் பேச்சை எடுத்தாலே அம்மா கண்ணாயி, "அவரு வேலை முடியட்டும் கண்ணு" என்று முனகிவிட்டு அடுப்பை ஊதப் போய்விடுகிறாள்.

என்ன வேலை என்று கேட்கக்கூட கோகிலவாணிக்கு எரிச்சலாக இருந்தது. ஊக்கைக் கழற்றி, சோப்பின் குழியில் ஆழமாக ஒரு பெருக்கல் குறி கீறி வைத்தாள்.

சனிக்கிழமை விடிகாலையில் அவளை எழுப்பியது ஒரு சத்தம். ஓட்டின் மேல் பனி சொட்டுகிற சத்தத்துக்கும், பலாமரத்து இலைகள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தத்துக்கும், அடுப்பில் விறகு நெரிகிற சத்தத்துக்கும் நடுவில், ஈரமாக, அவசரமே இல்லாமல், கிண்ணத்துக்குள் எதையோ சுற்றிச் சுற்றிக் குழைக்கிற சத்தம். சளக். சளக். சளக். அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் கருவாட்டுச் செதிலைக் கத்தியால் சுரண்டுகிற மாதிரி, மேலிருந்து கீழாக, நீளமாக ஒரு சரக்.

எழுந்து போய்க் கதவிடுக்கில் பார்த்தாள். துவைக்கிற கல் மேல் டம்ளரில் வெந்நீர் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அம்மா கல்லுக்கு இந்தப் பக்கம் நின்று, கண்களை இறுக மூடிக்கொண்டு, கண்ணாடியை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். எதிரே யாருமில்லை. பனி மட்டும்.

இரண்டு கையாலும்.

கதவைத் திறந்ததும் சத்தம் நின்றது. பிரஷ் கல் மேல் கிடந்தது, நுனியிலிருந்து சொட்டிக்கொண்டு. சோப்பில் பெருக்கல் குறி இல்லை.

முப்பது வருஷமாக அம்மாவின் முதல் வேலை அதுதான். சுவரில் ஆணி இருந்தது, அவனே அடித்த ஆணி. ஆனாலும் அப்பன் அப்பாசாமிக்குக் கண்ணாடி பிடிக்க ஒரு ஆள் வேண்டும். கண்ணாடி அசைந்தால் பிரஷ்ஷின் பிடியால் விரல் முட்டியில் ஒரு தட்டு. அம்மாவின் முட்டிகள் இஞ்சிக் கிழங்கு மாதிரி புடைத்துக் கிடப்பது வயலில் வேலை செய்து இல்லை. அம்மா உடம்புக்கு முடியாமல் படுத்த நாட்களில் கோகிலவாணி பிடித்தாள், ஏழு வயதிலிருந்து. காலேஜில் இடம் கிடைத்த அன்று மட்டும் மாட்டேன் என்றாள். அவன் கத்தவில்லை. பிரஷ்ஷை நனைக்க வைத்திருந்த வெந்நீரை டம்ளரோடு எடுத்து, செடிக்கு ஊற்றுகிற மாதிரி நிதானமாக அவள் வலது பாதத்தில் ஊற்றினான். அந்தத் தோல் இன்னும் சுருங்கித்தான் இருக்கிறது.

"யாரும்மா குழைச்சது?" என்று கேட்டாள்.

அம்மா கண்ணாடியை ஆணியில் மாட்டினாள். கைகள் உடனே கீழே வரவில்லை. ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டாள்.

"பாதி மொகத்தோட எங்க போவாரு கண்ணு? முடிச்சுட்டுப் போயிருவாரு."

"பாத்தியா நீ?"

"கண்ணத் தொறந்தா எனக்குக் கை ஆடிரும் சாமி."

 அந்தப் பாதி முகம் கோகிலவாணி செய்தது.

அவன் சவரம் பண்ணிக்கொண்டிருக்கும்போதே விழுந்தான். வலது பக்கம் முடிந்திருந்தது, இடது பக்கம் நுரை. அவள் ராசிபுரத்திலிருந்து வந்து சேர்வதற்குள் நுரை காய்ந்து, சுண்ணாம்புப் பூச்சு மாதிரி கன்னத்தில் வெடித்துப்போயிருந்தது. பிணத்தைக் குளிப்பாட்டுமுன் சவரம் செய்ய வந்த கருப்பண்ணன் கத்தியை வைத்துக்கொண்டு, இந்தப் பக்கமும் வழிச்சுரட்டுங்களா அம்மிணி என்று கேட்டார். மழை கட்டி நின்றது. சொந்தக்காரர்கள் அவசரப்பட்டார்கள். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவளுக்கு முந்திக்கொண்டு கோகிலவாணி சொன்னாள்:

"வேண்டாங்க. அப்படியே போகட்டும்."

சொல்லும்போது இனித்தது. அதை அவள் யாரிடமும் மறைக்க மாட்டாள். தாடையைச் சுற்றிய கட்டுத்துணி கன்னத்தை மூடிவிட்டது. பாதி வழித்த முகத்தோடு மிளகுத் தோட்டத்து ஓரத்தில் புதைத்தார்கள்.

அன்று பகல் முழுக்க பையில் துணி அடுக்கினாள். பொழுது சாய்ந்ததும் மாடத்திலிருந்து பிரஷ்ஷை எடுத்துவந்து, அம்மா பார்க்கப் பார்க்க அடுப்பில் போட்டாள். மயிர் சுருண்டு, வெடித்து, நீலமாக எரிந்தது. பொசுங்கிய நாற்றம் கூரை வரைக்கும் ஏறியது. மரப்பிடி மட்டும் நெடுநேரம் எரியாமல் கிடந்து கடைசியில் பிளந்தது.

அம்மா அழவில்லை. திட்டவில்லை. கோகிலவாணியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள், இடுப்பைத் தாண்டித் தொங்கிய சடையை.

"பிரஷ் இல்லாட்டி எதத் தொட்டு நொர போடுவாரு?"

"தேங்கா நாருல போட்டுக்கட்டும்."

அம்மா தன் கூந்தலை முடிந்து, அதன் மேல் பழைய துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்தாள். விளக்கை அணைக்குமுன், நீயும் தலைய மூடிக் கட்டிக்க கண்ணு என்றாள். கோகிலவாணி சிரித்தாள். மூன்று வருஷம் செல்லையும் திசுவையும் நுண்ணோக்கியில் பார்த்தவள். கட்டவில்லை.

ஞாயிறு. ஐந்தேகால். செல்போன் அலாரம் அடித்தது. பக்கத்துப் பாய் காலி.

பின்வாசலில் ஆவி விடுகிற டம்ளர். திறந்த கிண்ணம். கண்ணாடியோடு அம்மா. கைகள் இரண்டும் முட்டியிலிருந்து நடுங்கிக்கொண்டிருந்தன, கண்ணாடி மட்டும் நடுங்காமல். கோகிலவாணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டே போனாள். வா, பஸ் வந்துரும் என்றாள். அம்மா நகரவில்லை.

"கொஞ்சம் புடி கண்ணு. கை முடியல."

பிடுங்கிக் கல்லில் அடித்து நொறுக்கவேண்டும். அதற்காகத்தான் கை நீட்டினாள். வாங்கினாள். தகரம் சூடாக இருந்தது, யாரோ இப்போதுதான் முகத்தை ஒட்டி வைத்திருந்த மாதிரி. கண்ணாடியின் முகம் அந்தப் பக்கம். அவளுக்குத் தெரிந்தது முதுகு மட்டும். ஆனால் விளிம்பில் ஆவி படர்ந்தது. மறைந்தது. படர்ந்தது. மூச்சின் கணக்கில்.

கையை ஓங்கப் பார்த்தாள்.

கை ஓங்கவில்லை. ஏழு வயதில் பழகிய உயரத்துக்கு, அவளைக் கேட்காமல், தானாக ஏறி நின்றது. வலது பாதத்துச் சுருங்கிய தோல் எரிய ஆரம்பித்தது.

சடை அசைந்தது.

காற்றில்லை. முதுகிலிருந்து தோளுக்கு ஏறியது. தோளிலிருந்து முன்னால் சரிந்தது. நுனியை யாரோ இரண்டு விரலால் பிடித்து இழுக்கிற மாதிரி, பதமாக. பழக்கமான கை. டம்ளருக்குள் இறங்கியது. வெந்நீரில் ஊறியது. இரண்டு முறை உதறப்பட்டது. சூடான துளிகள் அவள் உதட்டில் தெறித்தன.

அப்புறம் கிண்ணம்.

சளக். சளக். சளக்.

மண்டைத்தோல் ஒவ்வொரு சுற்றுக்கும் இழுபட்டது. வாசனை எழுந்தது. கீழே, வளைவில், பஸ் ஹாரன் கேட்டது. அம்மா என்று கூப்பிட வாய் திறந்தாள். வாய்க்குள் நுரை.

எதிரே பனியில் வெள்ளை தோன்றியது. ஒரு தீற்று. இன்னொரு தீற்று. காதோரம். தாடை. கழுத்து வரைக்கும். ஆள் இல்லை. இடது கன்னம் மட்டும், நுரையால் ஆனது, அந்தரத்தில்.

சரக். ஒரு பட்டை நுரை போனது. அடியில் ஈர மண் நிறம். சரக். இன்னொரு பட்டை.

அம்மா கண் மூடித்தான் இத்தனை நாள் நின்றாள். கோகிலவாணியால் மூட முடியவில்லை. அதனால் பார்த்தாள். இடது பக்கம் முடிய முடிய, வலது பக்கம், அன்றைக்கே வழித்து முடித்த பக்கம், முளைத்துக்கொண்டிருந்தது. முதலில் புள்ளிகள். பிறகு முட்கள். பிறகு கறுப்பும் நரையுமாக, மழைக்குப் பிறகு புல் வருகிற வேகத்தில்.

இடது முடிந்தது. முகம் மெதுவாகத் திரும்பி வலது கன்னத்தைக் கண்ணாடிக்குக் காட்டியது.

பஸ் நின்றது. கிளம்பியது. சத்தம் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கித் தேய்ந்தது.

அம்மா தன் கைகளை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். விரல்களை மடக்கினாள், நீட்டினாள். கோகிலவாணியைப் பார்க்கவில்லை. டம்ளரைத் தொட்டுப் பார்த்தாள். ஆறியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு, வெந்நீர் மாற்றிவர அடுப்படிக்குப் போனாள்.

சடை மறுபடியும் கிண்ணத்துக்குள் இறங்கியது.

கண்ணாடி அசையவே இல்லை.