லேஞ்சி போட்ட இடம்

நாலாவது வரிசையில் யன்னலோரம் கிடந்த அந்த வெள்ளை லேஞ்சி ஈரமாக இருந்தது.

அன்று சனிக்கிழமை, விரிவுரை ஒன்றும் இல்லை. காவலாளி பேதுரு மண்டபத்தைத் திறந்துவிட்டுப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு கிழமையாகக் கொழும்பில் மருந்துக்கும் மழை கிடையாது. ஆனாலும் நாலாக மடித்து, இஸ்திரி போட்ட மடிப்புக் குலையாமல் வாங்குப் பலகையின்மேல் வைத்திருந்த அந்தக் கைக்குட்டையிலிருந்து தண்ணீர் வழிந்து, கீழே தரையில் தேங்கியிருந்தது. நிருஷா குனிந்து விரலை நீட்டினாள்.

“எடியே, தொடாதை!” சுபோதினி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். பிறகு தனக்கே வெட்கமாகிச் சிரித்தாள். “பேய்க்கதைதான். ஆனா எங்கடை பட்ச்சிலை ஒருத்தரும் தொடுறேல்லை. ஆரோ ஒரு பிள்ளை ஆருக்கோ பிடிச்சு வச்ச இடமாம். அதிலை ஆரின்ரை லேஞ்சி விழுந்தாலும், அந்த ஆள் அந்த இடத்துக்கே சொந்தமாம். பேதுரு அண்ணை அந்த வாங்கைத் துடைக்கவும் மாட்டார்.”

“நீ நம்புறியே?”

“ஆர் நம்புறது? ஆனா எங்களுக்கேன் வீண் சோலி?”

சுபோதினி பெரியம்மாவின் மகள். சட்டபீடத்தில் இரண்டாம் வருடம். வந்து ஒருக்கால் எங்கடை கம்பஸைப் பார் என்று ஆறு மாதமாகக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, இன்றைக்குத்தான் நிருஷாவுக்குச் சாக்குச் சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. பார்க்காமலே இருந்திருக்கலாம். விக்டோரியா மகாராணி காலத்துச் செங்கல் கட்டடம்; குதிரை வண்டி வந்து நிற்பதற்கென்று கட்டிய முகப்பு; மணிக்கூட்டுக் கோபுரம்; ஆளை நாலு மடங்கு விழுங்கும் உயரத்தில் கூர்வளைவு யன்னல்கள், அவற்றில் சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி; நூறு வருடக் கால்கள் மழமழப்பாக்கிய மரப்படிகள். ஏதாவது குறை அகப்படுமா என்று நிருஷா வாசலிலிருந்தே தேடிக்கொண்டு வந்தாள். ஒன்றும் அகப்படவில்லை. இந்தப் படிகளில் சுபோ தினமும் செருப்புச் சத்தம் கேட்க ஏறுகிறாள் என்று நினைத்தபோது வயிறு எரிந்தது.

எரியாமல் என்ன செய்யும்? இருவரும் கிளிநொச்சியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஓ.எல். சோதனை முடிந்ததும், கொழும்பில்தான் நல்ல ரியூஷன் என்று நிருஷாவின் அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வெள்ளவத்தையில் இரண்டு அறை ஃபிளாட்டுக்கு வந்துவிட்டார். பெரிய கெட்டித்தனம் என்றுதான் சொந்தக்காரர் எல்லாரும் சொன்னார்கள். கொழும்பிலிருந்து சோதனை எழுதினால் கம்பஸுக்கு எடுபடக் கொழும்பு மாவட்டத்து வெட்டுப்புள்ளியைத் தாண்டவேண்டும், அது மலை மாதிரி உயரம் என்பது அம்மாவுக்குத் தெரியாமல் இல்லை. பிள்ளை தாண்டிவிடுவாள் என்ற நம்பிக்கை. பிள்ளை மயிரிழையில் தவறவிட்டாள். ஊரிலிருந்தே சோதனை எழுதி, அவளைவிடக் குறைந்த புள்ளி எடுத்த சுபோவுக்குக் கிளிநொச்சி மாவட்டக் கணக்கில் கொழும்பிலேயே சட்டம் கிடைத்தது. நிருஷா இப்போது கொட்டாஞ்சேனையில் ஒரு அப்புக்காத்தின் கந்தோரில் இருந்து அவருடைய வழக்குப் பத்திரங்களை டைப் அடிக்கிறாள்.

அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். சோதனைக்கு முந்தின மூன்று மாதமும் சுபோ ரியூஷனுக்காக வந்து தங்கியது இவர்கள் ஃபிளாட்டில். நிருஷாதான் விடிய முந்தி ரியூஷனுக்கு ஓடிப்போய், முன் வாங்கில் தன் லேஞ்சியைப் போட்டு, பக்கத்தில் சுபோவின் லேஞ்சியையும் போட்டு, உள்ளங்கையால் மூன்று தரம் தடவிவிட்டுக் காவல் இருப்பாள். நானூறு பிள்ளைகள் அடிபடுகிற வகுப்பு. என்றாலும் லேஞ்சி போட்ட இடத்தில் ஒருத்தரும் இருக்கமாட்டார்கள். சுபோ ஆறுதலாக வந்து, “நிரு, நீ எனக்குப் பிடிச்ச இடமே இது?” என்று கேட்பாள். இவள் “ஓம்” என்பாள். கேட்காமல் அவள் ஒருநாளும் இருந்ததில்லை. இரண்டும் ஒரே நீல லேஞ்சிகள். ஒன்றின் மூலையில் ‘நி’, மற்றதில் ‘சு’. நிருஷாவே நூலால் தைத்தது. முடிவு வந்த அன்று பின்னேரம் அவள் தன்னுடையதைக் கொண்டுபோய், வெள்ளவத்தை ரெயில் பாதையைத் தாண்டிக் கடலில் எறிந்துவிட்டாள்.

“இதுதான் என்ரை இடம்” என்று சுபோதினி இரண்டாவது வரிசை வாங்கைத் தட்டிக் காட்டினாள். கைப்பையிலிருந்து ஒரு லேஞ்சியை எடுத்து அதில் போட்டாள். நீலம். மூலையில் ‘சு’. “இன்னும் வச்சிருக்கிறன், பாத்தியே? நீ இரு. கன்ரீனிலை பிளேன்ரீ வாங்கிக்கொண்டு ஓடியாறன்.”

அவளுடைய செருப்புச் சத்தம் நீள நடையில் தேய்ந்து மறைந்தது. மண்டபத்தில் பழைய மரத்தின் மணமும், அதற்கு அடியில் பிழிந்து உலர்த்தாத துணியின் மணமும் நின்றன. நாலு மணி வெயில் சிவப்புக் கண்ணாடியால் இறங்கி, வாங்கு வாங்காகப் படிந்து, மூன்றாவது வரிசை வரைக்கும் வந்து, அதற்கு மேல் வராமல் நின்றுவிட்டது. எங்கோ தண்ணீர் சொட்டியது. நிருஷா எண்ணத் தொடங்கினாள், ஏன் எண்ணுகிறேன் என்று தெரியாமல்; பிறகு ஒவ்வொரு சொட்டுக்கும் இடையில் யாரோ மூச்சை அடக்கிக் காத்திருப்பது போல இருந்ததால் எண்ணுவதை விட்டாள்.

அவள் கண் அந்த நீல லேஞ்சியில் வந்து நின்றது. நான் தைத்த நூல். நான் பிடித்துக் கொடுத்த இடம். நான் இருந்திருக்க வேண்டிய வாங்கு.

ஒரு பகிடிக்குத்தான் என்று தனக்குச் சொல்லிக்கொண்டு அவள் அதை எடுத்தாள். பகிடி இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும். ஒரு நிமிடமாவது சுபோவுக்கு இடமில்லாமல் போகவேண்டும், வந்து நின்று முழிக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. நாலாவது வரிசைக்குப் போனாள். அங்கே குளிர்ந்தது. நீலத்தை வெள்ளையின்மேல் வைத்தாள். கை பழக்கத்தில் தானாகவே மூன்று தரம் தடவியது. அடியிலிருந்த ஈரம் நீலத்தில் ஊறி ஏறியது.

திரும்பி வந்து சுபோவின் இடத்தில் இருந்தாள். சாய்ந்தாள். சுகமாக இருந்தது. இரண்டு வருடத்தில் முதல் தடவையாக நெஞ்சு அடங்கியது.

கதவு திறந்தது. சுபோதினி இரண்டு பிளேன்ரீக் கோப்பைகளோடு வந்தாள். வெளியே வெயில் கொளுத்துகிறது. அவளுடைய பின்னலிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“சுபோ, இஞ்சை.”

அவள் பார்க்கவில்லை. நிருஷாவைத் தாண்டிப் பின்னுக்குப் போனாள். மூன்றாவது வரிசை. நாலாவது வரிசை. அங்கே நின்றாள்.

நிருஷாவுக்குத் திரும்பிப் பார்க்க முடியவில்லை. கழுத்து மரத்துவிட்டது. பின்னால் கோப்பைகள் மேசையில் வைபடுகிற சத்தம். பிறகு வாங்கு முனகியது. சுபோ இன்னும் நிற்கிறாள்; இருக்கவில்லை. வேறு யாரோ. தள்ளி இருக்கிறார்கள். ஒருவர். பக்கத்தில் இன்னொருவர். வரிசை முழுக்க, மரம் கிறீச்சிட, ஆட்கள் நகர்ந்து நகர்ந்து ஒரு புதிய ஆளுக்கு இடம் விடுகிறார்கள்.

“நிரு.” சுபோவின் குரல்தான். “நீ எனக்குப் பிடிச்ச இடமே இது?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஓடிவா, அதில் இருக்காதே என்று கத்தியிருக்கலாம். ஒரு சொல் போதும்.

“ஓம்” என்றாள் நிருஷா.

வாங்கு கடைசியாக ஒரு தரம் முனகியது.

அவள் திரும்பியபோது வரிசையில் ஒருவரும் இல்லை. இரண்டு கோப்பைகளிலும் ஆவி பறந்தது. வெள்ளை லேஞ்சியைக் காணவில்லை. நீலம் மட்டும், நாலாக மடித்து, இஸ்திரி போட்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட இருந்தது.

ஓடினாள். மரப்படி, நடை, முகப்பு. பேதுரு திறப்புக் கோர்வையோடு எழும்பினார்.

“மிஸ், மத்த மிஸ் எங்க? டீ எடுத்துக்கிட்டு உள்ள போனத பார்த்தேன். வெளிய வரல்லயே.”

“பின் கதவாலை ஹொஸ்டலுக்குப் போயிட்டா.”

“பின் கதவா?” பேதுரு அவள் கைகளைப் பார்த்தார். இரண்டும் நனைந்திருந்தன. “அந்த லேஞ்சியத் தொட்டீங்களா மிஸ்?”

“இல்லை.”

பேதுரு நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டு, அவளையும் கூட்டிக்கொண்டு படியேறி, மண்டபக் கதவை இழுத்துச் சாத்தித் திறப்பைத் திருகினார். உள்ளே வாங்கு ஒன்று கிறீச்சிட்டது. இருவருக்கும் கேட்டது. இரண்டாவது வரிசையில் அந்த இடம் இனி வெறுமை என்ற நினைப்பு நிருஷாவுக்குள் ஓடியது. அது சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை நினைத்துத்தான் அவளுக்குப் பயம் வந்தது.

காலி வீதி பஸ்ஸில் நெரிசல். கந்தோர் ஆட்களும், சந்தைப் பைகளோடு பெண்களும், மிதிபலகை வரைக்கும். ஒரு கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நின்றபோது போன் அடித்தது. பெரியம்மா.

“பிள்ளை, சுபோ போன் எடுக்கிறாளில்லை. உன்னோடையே நிக்கிறாள்?”

பஸ் பம்பலப்பிட்டியைத் தாண்டியது. சனம் நெருக்கித் தள்ளி அவளைப் பின்னுக்குக் கொண்டுபோனது.

“என்ன சத்தத்தைக் காணேல்லை? உன்னை நம்பித்தானே பிள்ளையைக் கொழும்புக்கு விட்டனான்.”

கடல் மணம் வந்தது. யன்னல்கள் எல்லாம் பூட்டியிருந்தன.

“நங்கி, வாடிவென்ன” என்றான் கண்டக்டர் சிங்களத்தில், தங்கச்சி, இரு என்று சனத்துக்கு நடுவே கையைக் காட்டி. இவ்வளவு நெரிசலிலும் ஒரு இடம் சும்மா கிடந்தது. ஒருத்தரும் அதில் இருக்கவில்லை. இருக்கமாட்டார்கள். லேஞ்சி போட்டிருந்தது.

நீலம். நாலாக மடித்தது. இஸ்திரி போட்டது. உப்புத் தண்ணீர் சொட்டியது.

மூலையில் ‘நி’.

அதற்குப் பக்கத்தில், யன்னலோரமாக, நனைந்த பின்னலோடு ஒருத்தி இருந்தாள். அவள் முகத்தைத் திருப்பவில்லை. கையை மட்டும் நீட்டி, அந்த லேஞ்சியை உள்ளங்கையால் மூன்று தரம் தடவிவிட்டாள்.