இரண்டாவது சாட்சி

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்ற அந்தப் பெண்ணிடம் போய், "ஏங்க... சாட்சியா ஒரு கையெழுத்துப் போடுவீகளா?" என்று கேட்டேவிட்டான் சோணைமுத்து.

கேட்ட பிறகுதான் அவள் கண்களைப் பார்த்தான். நனைந்த இமைகளுக்குள் அப்படியொரு கோபம்! முன்பின் தெரியாதவளுக்குத் தன்மேல் என்ன கோபம் என்று திகைத்தான்.

"மொதல்ல பேனாவ மூடுங்க, சோணைமுத்து சார்."

அந்தக் குரல்...! ஆன்லைனில் அவனுக்கு உயில் தயாரித்துக் கொடுத்த வக்கீல் சத்யப்ரியாவின் குரல். நெட்வொர்க் சரியில்லை என்று தன் வீடியோவை அணைத்துவிட்டு, அவன் முகத்தை மட்டும் பார்த்துக் கேள்வி கேட்ட குரல். சமயநல்லூரில் டயர்க்கடை நடத்துகிறவன், அந்த அழைப்புகளுக்காகக் கைக்கரியைக் கழுவி, தலை சீவிக்கொண்டு உட்கார்ந்த கதையை வெளியே சொன்னால் வெட்கக்கேடு.

"சாட்சி ரெண்டு பேரும் உங்கள நல்லாத் தெரிஞ்சவங்களா இருக்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல? ரோட்டுல நிக்கிற ஆளப் பிடிச்சா, நாளைக்குக் கோர்ட்டுல யாரு வந்து பதில் சொல்லுவா?"

"வாரேன்னு சொன்னவன் மழையில மாட்டிக்கிட்டான் மேடம். இந்தா, இவன் விருமாண்டி மட்டுந்தேன் வந்திருக்கான்."

பக்கத்தில் நின்ற நண்பன் பல்லைக் காட்டினான்.

"போன்ல மொகத்தையே காட்டல... திட்டுறதுக்காவது காட்டுனீகளே!" என்றான் சோணைமுத்து.

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். அடக்கியும் கன்னத்தில் குழி விழுந்துவிட்டது. அவ்வளவுதான்... பையன் காலி.

இத்தனைக்கும் கல்யாணமே வேண்டாம் என்றிருந்தவன் அவன். கணவனை இழந்து வந்த அக்கா மாயக்காளை வேறெங்காவது அனுப்பினால்தான் பெண் தருவோம் என்றவர்களை வாசலோடு திருப்பி அனுப்பியிருந்தான். தனக்கு ஒன்று ஆகிவிட்டாலும் அக்காவை யாரும் வெளியேற்றக் கூடாது. அதற்குத்தான் வீட்டை அவள் பேருக்கு எழுதும் இந்த உயில். அதைச் சத்யப்ரியாவிடம் சொன்ன அன்று மறுமுனையில் வெகுநேரம் பேச்சே இல்லை.

"அப்ப நீங்களே போட்டுருங்க மேடம். என்னைய ஒங்களுக்குத் தெரியும்ல?"

அவள் பேனாவை வாங்கினாள். காகிதத்தைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். பிறகு பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

"என்னால முடியாதுங்க."

அவனுக்குச் சுருக்கென்றது. டயர்க்கடைக்காரனுக்குக் கையெழுத்துப் போட்டால் கௌரவம் குறைந்துவிடுமோ?

"சரிங்க. ஒங்க தகுதிக்கு நான் கேட்டுருக்கக் கூடாது." காகிதத்தை விருமாண்டியிடம் கொடுத்துவிட்டு மழையில் இறங்கி விறுவிறுவென்று நடந்தான்.

"நில்லுங்க!" அவளும் மழைக்குள் ஓடிவந்துவிட்டாள். "சாட்சி போடுறவங்க வெளி ஆளா இருக்கணுங்க. அந்தச் சொத்துல ஒட்டு உறவு இருக்கக் கூடாது."

"ஒங்களுக்கு என்ன ஒட்டு? எல்லாம் அக்காவுக்குத்தான எழுதியிருக்கு?"

"அக்காவுக்கே இருக்கட்டும். ஒரு வரிகூட மாத்த வேணாம். அக்காவும் எங்கயும் போக வேணாம்..." அவள் தலை குனிந்தது. "ஆனா, அந்த வீட்டுக்கு வாழ வரணும்னு ஆசைய வச்சுக்கிட்டு... நான் எப்பிடிங்க வெளி ஆளுன்னு கையெழுத்துப் போடுவேன்?"

அவன் அவள் பக்கம் ஓர் எட்டு வைத்தான்.

"எப்ப இருந்து...?"

"அக்காவப் பத்திச் சொன்னீங்களே, அன்னைக்கிருந்து. நான் பேசாம இருந்தது நெட்வொர்க் போனதால இல்ல... அழுதுக்கிட்டு இருந்தேன்."

"நான் மட்டும் என்ன? ஒங்க கொரலக் கேக்கத்தான் இல்லாத சந்தேகமெல்லாம் கேட்டேன்."

"அதுதான் தெரியுமே!"

இருவரும் முழுக்க நனைந்திருந்தார்கள். ஒதுங்க வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

"டேய் மாப்ள விருமாண்டி!" மழையில் நின்றபடியே கத்தினான் சோணைமுத்து. "ரெண்டாவது சாட்சிக்கு வேற ஆளப் பாருடா... இவுக எங்க வீட்டு ஆளு!"