அளவுச் சட்டை

அளவுச் சட்டையின் கழுத்துப்பட்டையில் ஈரம் இருந்தது.

தையல்கடைக் கத்தரி, தொட்ட விரலை மோந்து பார்த்தாள். கடிகாரத்துக்கு விடுகிற மெல்லிய எண்ணெய், பெப்பர்மின்ட், இரண்டுக்கும் அடியில் வியர்வை. இன்று மதியம் வரை போட்டிருந்து கழற்றிக் கொடுத்த சட்டையில் வருகிற, இன்னும் புளிக்காத வியர்வை. அந்தச் சட்டை வாட்சண்ணனுடையது. வாட்சண்ணன் கையெழுத்துப் போட்டுக் கடையைக் காலி செய்து மூன்று மாதம் ஆகிறது.

"எங்கேர்ந்து தலைவரே எடுத்துட்டு வந்தீங்க இதை?"

வியாபாரிகள் சங்கத் தலைவர் தொண்டையைச் செருமினார். மைக் இல்லாத இடத்திலும் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டே பேசுகிறவர் அவர். அவருடைய நாற்காலிக் கடைப் பலகையில் கடையின் பெயர் ஒரு வரி. தனக்குத் தானே வழங்கிக்கொண்ட பட்டங்கள் மூன்று வரி.

"அவரே குடுத்தார் தங்கச்சி. மொத்தம் எட்டு உருப்படி. ஏழு பேருக்கு அளவுச் சட்டை இருக்கு. எட்டாவது ஒரு லேடீஸ் மேல்சட்டை, அதுக்கு அளவு மட்டும் சீட்டுல எழுதியிருக்கு. திறப்பு விழாவுக்கு எல்லாரும் பழையபடி அவங்கவங்க கடையில உட்காரணும். புதுசா தைக்கணும், ஆனா பழசு மாதிரி இருக்கணும். வாட்சுக்கு முழங்கையில ஒட்டு இருக்கு பாரு, அந்த ஒட்டும் வேணும்."

"கிழியாத துணிக்கு ஒட்டா?"

"பாரம்பரியம்மா," என்றார் தலைவர், கண்ணை மூடிக்கொண்டு.

மர ஸ்கேலால் ஒன்று வைக்கலாமா என்று அவளுக்குத் தோன்றியது. வைக்கவில்லை. அது நல்ல ஸ்கேல்.

அந்த வரிசையில் எட்டுக் கடைகள். முதல் கடை அவளுடையது. அதன் பக்கச் சுவரை ஒட்டி பச்சை வலைத்துணி ஆரம்பித்து, வாட்சண்ணன் கடை, செருப்பக்கா கடை, சாவிக்காரர், முடிதிருத்துகிறவர், மாவு மில், பேப்பர் கடை, பல்பு கடை என்று ஏழையும் மூடிக்கொண்டு கடைசியில் குப்பை கொட்டுகிற காலி மனை வரை போயிற்று. துணிக்கு மேலே 'பழமை மாறாத புதிய வீதி' என்று ஒரு பேனர். அதில் வீதி ஓரமாக, சின்னதாக இருந்தது. மீதி இடத்தில் தலைவர் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

கடையைப் புதுப்பிக்கச் சங்கம் நீட்டிய பத்திரத்தில் ஏழு பேரும் கையெழுத்துப் போட்டார்கள், ஒருத்தர் பின்னால் ஒருத்தராக, பந்திக்குப் போகிற மாதிரி. அவள் மட்டும் போடவில்லை. இருபத்திரண்டு வருஷமாக அவளுக்குச் சொந்தம் என்று இருப்பது பத்தடிக்கு எட்டடி உள்ள இந்தக் கடை. அதைக் கேட்பவன் மூஞ்சியில் துப்பலாமே தவிர கையெழுத்துப் போட முடியாது. ஏழு பேர் மேலும் அவளுக்கு ஆத்திரம் இருந்தது. அதைவிட அதிகமாக, ரெடிமேட் பையைத் தூக்கிக்கொண்டு அவள் கடையைத் தாண்டிப் போய், பச்சைத் துணிக்கு முன்னால் நின்று 'ஐயோ, நம்ம தெரு' என்று செல்ஃபி எடுத்துக்கொண்டவர்கள் மேல் இருந்தது. அந்தப் பையில் இருந்த சட்டைகளுக்குப் பொத்தான் ஒரு வாரம் தாங்காது. தாங்காமல் போகட்டும்.

தலைவர் போன பிறகு வாட்சண்ணனுக்கு ஃபோன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. செருப்பக்காவுக்கும் அப்படியே. மகள் வீட்டுக்குப் போயிருப்பார்கள், ஊருக்குப் போயிருப்பார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். எந்த மகள், எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை. அவளும்தான் கேட்கவில்லை. அந்த ஆத்திரம் யார் மேல் என்று அவள் யோசிக்க விரும்பவில்லை.

விழாவுக்கு வரட்டும், நேரில் பிடித்து நாலு கேட்கலாம் என்று வேலையை எடுத்துக்கொண்டாள். ஆள் வராமல் அளவுச் சட்டை மட்டும் வருவது தொழிலில் சகஜம். சட்டை வந்தால் போதும், உடம்பு எங்கே என்று எந்தத் தையல்காரரும் கேட்பதில்லை.

எட்டாவதற்கு வந்த சீட்டைப் பார்த்தபோது மட்டும் புருவம் உயர்ந்தது. மார்பு முப்பத்தெட்டு. இடுப்பு முப்பத்தாறு. இடது தோள், வலதைவிட அரை அங்குலம் தாழ்வு. "யாருடி இவ, கோணல் கழுதை," என்று சீட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டு, தோளை அரை அங்குலம் இறக்கி வெட்டினாள். பார்த்தால் கோணல் தெரியாதபடி தைத்தாள். அதுதான் கைவேலை.

ஆறாம் நாள் எட்டும் திரும்பி வந்தன.

"லூஸா இருக்குதாம்மா," என்றார் தலைவர்.

கத்தரியின் காதுமடல் சூடாயிற்று. "என் கை தைச்சது லூஸா? யார் சொன்னா?"

"எல்லாருக்கும்தான். ஒரு விரல் பிடிச்சுக் குடு."

"போட்டுப் பார்த்தாங்களா? இங்க வரச் சொல்லுங்க. வாட்சண்ணன் அளவு எடுக்கிறப்பவே வயித்தை எக்கிக்குவார், நான் என்னமோ பொண்ணு பார்க்க வந்த மாதிரி. மூச்சை விடுங்கண்ணேன்னு தலைதலையா அடிச்சுக்குவேன். இப்பவும் எக்கிக்கிட்டுதான் லூஸுன்னிருப்பார்."

"எங்கயும் போகலம்மா அவங்க. நம்ம தெருவை விட்டு நம்ம ஆளை அனுப்புவேனா நான்?" தலைவர் தன்னுடைய பெருந்தன்மையை நினைத்து ஒரு நொடி உருகி நின்றார். "உள்ளதான் இருக்காங்க."

உள்ளே. பச்சைத் துணிக்கு உள்ளே. மூன்று மாதமாக அங்கிருந்து ஒரு சுத்தியல் சத்தம்கூட வந்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

ஒரு விரல் பிடித்துக் கொடுத்தாள். நாலு நாளில் மறுபடி வந்தன. மறுபடி லூஸ். வாட்சண்ணனின் சட்டையைப் பிரித்தபோது உள்பக்கத் தையலோரம் முழுக்க வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. கழுத்தில் அதே எண்ணெய், பெப்பர்மின்ட். அக்குளில் மட்டும் எதுவும் இல்லை, கறையும் இல்லை, சுருக்கமும் இல்லை, கையை ஒரு தடவைகூடத் தூக்காதவன் போட்ட சட்டை மாதிரி அந்த இடம் மட்டும் கடைத்துணியாகவே இருந்தது. செருப்பக்காவின் மேல்சட்டை இடுப்பில் ஒரே மட்டமாக மடிந்திருந்தது. உட்கார்ந்த மடிப்பு. நின்ற மடிப்பே இல்லை.

மூன்றாம் தடவை தலைவர் பையோடு ஒரு குறிப்பும் சொன்னார். தோரணையாகச் சொல்லவில்லை, சும்மா சொன்னார். அதுதான் அவளைக் கலக்கியது.

"கைக்குழியை நல்லா இறுக்கிடு தங்கச்சி. கையைத் தூக்கற வேலை இல்லை. அப்புறம் முதுகுப்பக்கம் திறந்து விட்டுடு. போட்டு விடறவங்களுக்குச் சுலபமா இருக்கும்."

"போட்டு விடறவங்களுக்கா?"

"நீயும் ஒரு கையெழுத்தைப் போட்டுட்டா எல்லாம் முடிஞ்சிரும்," என்றார் தலைவர். அவளுடைய தோளைப் பார்த்தபடி.

முதுகு திறந்த சட்டையை யாருக்குத் தைப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். எல்லாத் தையல்காரர்களுக்கும் தெரியும். சாவு வீட்டுக்குப் போகிற அதைத் தைக்கிறபோது யாரும் ரேடியோ போடுவதில்லை.

தைத்தாள். ஏன் தைத்தாள் என்று பிறகு யாராவது கேட்டிருந்தால் கோபத்தில் என்றுதான் சொல்லியிருப்பாள். லூஸு என்ற வார்த்தை அவளுக்குள் ஊசி முறிந்த மாதிரி நின்றுவிட்டது.

அன்று மாலை தலைவருடைய ஆட்கள் பையை எடுத்துப் போன பத்தாவது நிமிஷம், கடையைச் சாத்தாமல், டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கத்தரி வெளியே வந்தாள். வெளிச்சம் இன்னும் இருந்தது. எதிரே பஸ்ஸுக்கு நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவளுடைய திட்டம் எளிமையானது: ஒவ்வொரு ஆளாக நிற்க வைத்து, டேப்பைப் போட்டு, எண்ணைச் சத்தமாகப் படித்து, அந்த எண்ணைத் தலைவர் மூஞ்சியில் எறிவது. பச்சைத் துணியைப் பக்கச் சுவரோரம் விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

தெருச் சத்தம் நின்றுபோயிற்று.

உள்ளே ஏழு கடைகளும் இருந்தன. இருந்ததைவிட நன்றாக இருந்தன. பலகைகள் துடைக்கப்பட்டு, மஞ்சள் விளக்குகள் சன்னமாக எரிய, ஒவ்வொரு கடை வாசலிலும் தரையிலிருந்து இடுப்பு வரை ஒரு கண்ணாடித் தடுப்பு. புதுப் பெயின்ட் வாசனை. அதற்கடியில் மில்லின் மாவு, செருப்புக் கடையின் பசை, ஷேவிங் சோப்பு, என்று தெருவின் பழைய வாசனைகள் எல்லாம் வரிசை தவறாமல் வந்தன, யாரோ ஒவ்வொன்றாகத் தெளித்துவிட்டுப் போன மாதிரி. ஒவ்வொரு கடையிலும் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். அசையவில்லை.

பொம்மைகள்.

கத்தரிக்கு முதலில் வந்தது பயமில்லை. ஆங்காரம். இருபது நாளாகப் பொம்மைகளுக்கா பிரித்துப் பிரித்துத் தைத்தேன். பொம்மைகளுக்கா ஒட்டுப் போட்டேன். காசுக்குப் பிடித்த கேடு, மெழுகில் வாட்சண்ணனையும் செய்து வைத்து, பக்கத்தில் அந்த ஆள் ரிப்பன் வெட்டப் போகிறான். "வெட்கங்கெட்டவன்," என்று உரக்கச் சொன்னாள். சத்தம் எங்கேயும் மோதித் திரும்பவில்லை.

வாட்சண்ணனின் தடுப்பைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். ஒற்றைக் கண்ணில் லென்ஸ். மேஜை மேல் திறந்த கடிகாரம். இரண்டு முழங்கையும் மேஜையோடு. நல்ல வேலைப்பாடுதான், செய்தவன் காதில் முடிகூட வைத்திருந்தான். சட்டை கனகச்சிதமாக இருந்தது. ஒரு சுருக்கம் இல்லை. லூஸாம்.

பழக்கதோஷம். டேப்பை எடுத்து மார்பைச் சுற்றிக் கொண்டுவந்து முன்னால் சேர்த்தாள். முப்பத்திரண்டு. போன வருஷம் முப்பத்தெட்டாக இருந்த மனுஷன்.

டேப் இறுகியது.

அவள் இழுக்கவில்லை. விரலுக்கடியில் முப்பத்திரண்டு நகர்ந்து முப்பத்திரண்டரை வந்தது. நின்றது. மெல்ல முப்பத்திரண்டுக்குத் திரும்பியது. மறுபடி முப்பத்திரண்டரை.

பெப்பர்மின்ட் வாசனை அவள் நெற்றியில் இளஞ்சூடாகப் பட்டது.

"அண்ணே."

லென்ஸுக்குப் பின்னால் இருந்த கண் அசையவில்லை. ஆனால் டேப்புக்குக் கீழே, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவருடைய வயிறு உள்ளே போயிற்று. எக்கிக்கொண்டார். எப்போதும் போல.

கத்தரி டேப்பை விட்டாள். பின்னால் நகர்ந்தாள். இடுப்பில் தடுப்பு இடித்தது. வெளியே வந்து திரும்பியபோது வந்த வழியில் பச்சைத் துணி மடிப்பில்லாமல் இருந்தது. எங்கே விலக்கினோம் என்று தெரியவில்லை. தடவினாள். துணி. துணி. சுவர். மறுபடி துணி.

மறுபக்கம் ஓடினாள். செருப்பக்கா. சாவிக்காரர். கழுத்தில் துண்டோடு முடிதிருத்துகிறவர். யாரையும் பார்க்கவில்லை. ஆனால் தாண்டும்போதெல்லாம் கேட்டது. மூக்கால் மூச்சை இழுக்கிற சத்தம். மெல்ல. ஒவ்வொரு கடையிலும் ஒன்று. ஏழாவது பல்பு கடை. அதற்குப் பிறகு காலி மனை இருக்க வேண்டும். அங்கே குப்பை இருக்க வேண்டும்.

எட்டாவது கடை இருந்தது.

பத்தடிக்கு எட்டடி. அவளுடைய மிஷின். அதே மாதிரி இல்லை, அதுவே. சக்கரத்தில் அவள் கட்டியிருந்த சிவப்புத் துணிகூட. பத்து நிமிஷத்துக்கு முன்னால் அவள் கடையில் பார்த்த அதே முடிச்சு. மிஷினுக்குப் பின்னால் ஸ்டூல். ஸ்டூலில் யாரும் இல்லை. அதன் மேல் ஒரு மேல்சட்டை மடித்து வைத்திருந்தது. முதுகு திறந்தது. தோள் தையல் அவள் கை. இடது தோள் அரை அங்குலம் தாழ்வு.

கண்ணாடித் தடுப்பில் அவள் பிம்பம் தெரிந்தது. இருபத்திரண்டு வருஷம் ஒரே பக்கமாகக் குனிந்து தைத்து, இடது தோள் இறங்கிப்போனவளின் பிம்பம். ஊருக்கெல்லாம் அளவெடுத்தவளுக்கு இதுவரை யாரும் அளவெடுத்ததில்லை.

"வந்துட்டியா தங்கச்சி."

செருமல் இல்லை. முதுகுக்குப் பின்னால், மிக அருகில்.

"நான் கையெழுத்துப் போடலை," என்றாள். குரல் நடுங்கவில்லை. அதில் ஒரு திருப்தி.

"போடலைன்னு யாரு சொன்னா? எட்டு சட்டைக்கும் நீதானே தையல் போட்டே." தலைவர் அன்பாகச் சொன்னார். "ஒரே ஒரு தடவை சரி பார்த்துடலாம். லூஸா இருந்துடக் கூடாது பாரு."

கைக்குக் கீழே ஏதோ குளிர்ச்சியாக நுழைந்து மார்பைச் சுற்றி வந்தது. அவளுடைய டேப். வாட்சண்ணன் மடியில் விட்டுவிட்டு வந்த டேப். மடையன், முறுக்கிப் பிடித்திருந்தான். முறுக்கிய டேப்பில் அளவு தப்பும். அதைச் சொல்ல வாயைத் திறக்கப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. கையைத் தூக்கப் பார்த்தாள்.

"மூச்சை விடும்மா," என்றார் தலைவர்.

ஏழு கடைகளிலும் இழுக்கிற சத்தம் நின்றது.

கத்தரி வயிற்றை எக்கிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, ஸ்டூலைப் பார்த்தபடி நின்றாள். விடவில்லை.